ஜெயலீலாவின் அரையிறுதி

கல்லில் தோசை வெந்துகொண்டிருக்கிறது. ஜெயலீலா தோசைத்திருப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், திருப்பவில்லை. ஓரம் சிவக்கிறது, கறுக்கிறது, மெல்லப் புகையவும் தொடங்குகிறது. அப்போதும் திருப்பவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மல்லித்தூள் டப்பாவில் சாய்த்துவைத்த டேப்லெட்டில், ஜப்பானின் ஏதோ ஓர் ஊரில், மின்விளக்குகளின் கீழ் எதிரணிக்குக் கார்னர் கிடைத்திருக்கிறது. பந்து வளைந்து வருகிறது. கோல்கீப்பர் எம்பிக் குத்தி வெளியே தள்ளுகிறார். ஜெயலீலா மூச்சு விடுகிறார். தோசை திரும்புகிறது.

"தீஞ்சு போச்சேக்கா" என்றேன்.

"தீஞ்சா தீஞ்சிட்டுப் போவுது. கார்னர் நேரத்துல திருப்பப்பிடாது. மே மாசம் ஒரு வாட்டி மறந்துபோய்த் திருப்பிட்டேன், கோல் விழுந்துட்டு கேட்டியா."

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் அந்த வீட்டில், புதன்கிழமைக் காலை உணவைப் பார்த்தே ஆட்டம் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். தட்டில் பொன்னிறத் தோசை இருந்தால் நம் ஆட்கள் எதிரணியின் பாதியிலேயே ஆடியிருக்கிறார்கள். சாந்தகுமார் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தால் தடுப்பாட்டம் சரியில்லை. முப்பது வருடமாக ஜெயலீலாவின் கணவராக இருக்கும் அவர் சுரண்டுவதில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறார்.

ஜெயலீலா நாகர்கோவில்காரர். நியூ பிரன்ஸ்விக்கில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டால் அவரைப்போல் நிதானமான ஆளைப் பார்க்க முடியாது. மருந்துச் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை படிப்பார், டாக்டரையே கூப்பிட்டுக் குறுக்குக் கேள்வி கேட்பார். அதே மனுஷிதான் ஜப்பானில் கால்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால் மார்ச் முதல் நவம்பர் வரை ஒரு தினுசாகிவிடுகிறார். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் தட்டி, "அந்தப் பாஸை எதுக்குப் பின்னால குடுத்தான்?" என்று என்னைக் கேட்பார். எனக்குக் கால்பந்தில் தெரிந்தது, பந்து உருண்டை என்பது மட்டும்தான்.

எந்த அணி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார். "பேரைச் சொன்னா கண்ணு பட்டுரும் விஷாகா. சும்மா நம்ம பசங்கன்னு எழுது." பசங்களுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். கோல்கீப்பர் கொத்தனார், ஏனென்றால் ஆட்டம் முழுக்கக் கையை ஆட்டி, ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுவர் எழுப்பிக்கொண்டே இருப்பார். எவ்வளவு மழையிலும் தலை கலையாத தடுப்பாட்டக்காரர் மாப்பிள்ளை. இடது ஓரத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்பவர் அவசரம். வர்ணனை முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். அதில் ஜெயலீலாவுக்குப் புரிகிற சொல் 'கோல்' ஒன்றுதான். அது போதும் என்கிறார்.

எப்படிப் பிடித்தது இந்தப் பைத்தியம்? நாலு வருடம் முன்பு ஒரு விடியற்காலையில் இணையத்தில் செய்முறை ஏதோ தேடப்போய், தெரியாமல் கை பட்டு ஓர் ஆட்டம் ஓடத் தொடங்கியிருக்கிறது. "நாலு கோல் வாங்கிட்டு நிக்கானுவ. பாக்க வந்த சனம் கொடிய ஆட்டிட்டுப் பாடுது. மழை வேற. இவ்வளவு வாங்கின பொறவும் பாடுகதுக்கு என்ன இருக்குன்னு உக்காந்தேன், இன்னும் எந்திரிக்கல." அதற்கு மேல் காரணம் கேட்டால் மருந்துச் சீட்டைப் பார்க்கும் கண்ணால் என்னைப் பார்ப்பார்.

நம் பசங்கள் இரண்டாம் பிரிவுக்காரர்கள். பெரிய ஊர், பெரிய பணம், பெரிய அணிகளெல்லாம் முதல் பிரிவு. லீக் கோப்பை என்ற போட்டியில் மட்டும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாம். வழக்கமாக நம்மவர்கள் முதல் சுற்றிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்த ஆண்டு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. ஏப்ரலில் ஒரு முதல் பிரிவு அணியைப் பெனால்டியில் சாய்த்தார்கள். அடுத்த சுற்றில் இன்னொன்று. செப்டம்பரில் கால் இறுதியையும் தாண்டியபோது ஜெயலீலா ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "பசங்க பாஸ் ஆயிட்டானுவ" என்று மட்டும் சொன்னாராம். அவருக்கு இருப்பது ஜோவானா என்ற ஒரே மகள், அவளும் படிப்பை முடித்து மில்பிடாஸில் வேலையில் இருக்கிறாள் என்பதால் கேட்டவர்கள் குழம்பிப்போனார்கள்.

ஜப்பானில் இரவில் ஆடினால் நமக்கு விடியற்காலை, தோசை நேரம். பகலில் ஆடினால் நமக்கு நடுநிசி. அதற்காக ஜெயலீலா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். "மறுநாள் மருந்த மாத்திக் குடுத்தா யாரு பதில் சொல்லுகது?" என்பார். அந்த ஆட்டங்களைப் பிறகு பதிவில்தான் பார்ப்பார். அதுவரைக்கும் முடிவு காதில் விழக் கூடாது. அதுதான் சட்டம். போன் அணைந்திருக்கும். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு கைதட்டல் பொம்மைகூட வரக் கூடாது. தமிழ்ச் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஜெயலீலா ஆன்ட்டியிடம் ஸ்கோர் சொல்லக் கூடாது.

ஜோவானா ஒருமுறை போனில் கேட்டாள், "அம்மா, இட்ஸ் ஆல்ரெடி ஓவர். யூ ஷவுட் பண்ணா சேஞ்ச் ஆகுமா?"

"உனக்குத்தான் முடிஞ்சுது. எனக்கு இனிமத்தான் தொடங்கப்போவுது. போனை வையி" என்றார் அம்மா.

சாந்தகுமாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் ஊர் அறிந்த செய்தி. "யாரோ பதினோரு பேரு ஓடுகான், இவளுக்கு இங்க மூச்சு வாங்குது" என்பார். ஆனால் இந்த ஆண்டு கோடையில் அவர் பல் தேய்த்தபடி சமையலறை வாசலில் வந்து நிற்பதை நானே இரண்டு மூன்று தடவை பார்த்தேன். நுரை வாயோடு, "யாரு முன்னால?" என்று கேட்பார். பதில் வந்ததும் அக்கறை இல்லாதவர்போலப் போய்விடுவார்.

அரையிறுதி இரண்டு ஆட்டம். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஆட்டம் புதன்கிழமை, ஆளுக்கொரு கோல். இரண்டாவது ஞாயிறு பகல், அதாவது நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது. அந்த ஞாயிறு ஜெயலீலாவுக்குக் காலை ஷிஃப்ட். முடிந்ததும் நேராக மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்த் திருப்பலி. அதன் பிறகுதான் வீடு, ஆட்டம். "இன்னிக்கு மட்டும் யாரும் வாயத் தொறக்காம இருந்தா மாதாவுக்கு மெழுகுதிரி வைக்கேன்" என்று காரில் என்னிடம் சொன்னார். கண் இரண்டும் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு முழு ஆண்டின் ஆசை அந்த ஒரு மாலையில் இருந்தது.

நான் கத்தோலிக்கச்சி அல்ல. அந்தக் கோயிலுக்கு நான் வடைக்காகப் போகிறவள். பூசை முடிந்ததும் கீழ்த்தளக் கூடத்தில் டீயும் பருப்பு வடையும் உண்டு, அந்த மாத வடைப் பொறுப்பு சாந்தகுமாருடையது. அவர் பாதிப் பூசையிலேயே எழுந்து சூடாக்கக் கீழே போய்விட்டார். விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்க வந்தவர் ஜோபின். தூத்துக்குடிப் பையன், டேகேர் போகும் ஒரு பெண்குழந்தைக்கு அப்பா, யாருக்காவது உதவாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. திருச்சபைக்காக வேண்டினார், நோயாளிகளுக்காக வேண்டினார், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்காக வேண்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி அரையிறுதியில் தோல்வியடைந்த ஜெயலீலா அவர்களின் அணியினருக்கு மன வலிமையையும் ஆறுதலையும் தந்தருள வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுவதும். பழக்கத்தில் ஜெயலீலாவின் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. எல்லோரும் நின்றுகொண்டிருக்க அவர் மட்டும் மெல்ல உட்கார்ந்தார். மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை, இன்னொரு பக்கம் ஜோபினை அங்கேயே நாலு சாத்துச் சாத்தினால் என்ன என்றிருந்தது.

பூசை முடிந்ததும் ஜோபின் ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது. "ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி. மேட்ச் இங்க நைட்டுதான்னு நெனச்சு ஜெயிக்கணும்னுதான் ப்ரேயர் எழுதிட்டு வந்தேன். வாசல்ல போன்ல செக் பண்ணா முடிஞ்சே போச்சு. நீங்க லைவ்ல பாத்துட்டு சேடா இருப்பீங்கன்னு மாத்தி எழுதிட்டேன் ஆன்ட்டி."

ஜெயலீலா அவர் கன்னத்தைத் தட்டினார். "போட்டு மக்கா. எனக்காவத்தானே செபம் பண்ணின. அடுத்த வருசம் ஆட்டத்துக்கு முந்தின வாரமே பண்ணிரு, கேட்டியா."

கீழே இறங்கினோம். படியின் அடியில் சாந்தகுமார் இடுக்கியோடு நின்று ஒவ்வொருவர் தட்டிலும் வடை வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"லீலா இன்னும் மேட்ச் பாக்கல. யாரும் ஸ்கோர் சொல்லிராதீங்க, என்னா."

சற்று முன் ஒரே குரலில் மன்றாடிவிட்டு வந்தவர்கள், வடையும் கையுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் தட்டில் ஒரு வடையைக் கூடுதலாக வைத்து அவர் இன்னும் கிட்டே வந்தார். "நானும் காலையில இருந்து போனைத் தொடல்ல விஷாகா. இந்த வருசம் என்னமோ நெஞ்சு அடிச்சுக்கிடுது. அவகிட்ட சொல்லிராதிய, கேலி பண்ணியே கொன்னுருவா."

எனக்குப் பின்னாலேயே படியில் நின்ற ஜெயலீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பிறகு கூட வந்த ஜோபினின் முழங்கையைப் பிடித்து, "அவியகிட்ட மட்டும் மூச்சு விட்டிராத. எல்லாருகிட்டயும் போய் இதையே சொல்லு" என்று கிசுகிசுத்துவிட்டுத் தட்டோடு கணவர் முன்னால் போய் நின்றார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலியே லீலா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் ஜெயலீலா, பூசை கண்டுவிட்டு வந்த கையோடு.

வீட்டில் இந்த முறை டேப்லெட் இல்லை, கூடத்துப் பெரிய டிவி. சாந்தகுமார், முழங்கால் வலிக்கிறது, இங்கே உட்கார்ந்தால்தான் காலை நீட்ட முடியும் என்று ஏதோ காரணம் சொல்லிச் சோபாவில் இடம் பிடித்தார். ஜெயலீலா பக்கத்தில் உட்கார்ந்தார். முடிவு தெரிந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "மாப்பிள்ள, விடாத!" என்று கத்தினார், நடுவரைத் திட்டினார், முதல் பாதியில் எதிரணி கோல் போட்டபோது தலையில் கை வைத்தார். இடைவேளையில் நான் டீ போட்டேன். யாரும் குடிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் அவசரம் அன்றைக்கு அதிசயமாக ஆஃப்சைடில் மாட்டாமல் ஓடி, இடது ஓரத்திலிருந்து வெட்டி உள்ளே வந்து அடித்தார். கோல். வர்ணனையாளர் அலறினார். முழங்கால் வலிக்காரர் சோபாவிலிருந்து குதித்தார். "பாத்தியா! பாத்தியா லீலா! நான் சொன்னேம்லா, அவன் அடிப்பான்னு!" அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஜெயலீலாவும் கைதட்டினார், ஆனால் டிவியைப் பார்க்கவில்லை. கோடையிலிருந்து நுரை வாயோடு வாசலில் நின்ற அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மனம் நிறைந்த சிரிப்பென்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறு நிமிடம் முடிந்தது. இன்னும் சமநிலைதான். நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரம் ஓடியது. நம் பெனால்டி பெட்டிக்கு வெளியே எதிரணிக்கு ஒரு ஃப்ரீ கிக். கொத்தனார் கையை ஆட்டிச் சுவர் எழுப்பத் தொடங்கினார்.

"இதைத் தடுத்துட்டா எக்ஸ்ட்ரா டைம்" என்றார் சாந்தகுமார், சோபாவின் நுனிக்கு வந்து. "எக்ஸ்ட்ரா டைம்ல நம்ம பசங்கள அடிக்க முடியாது லீலா. பைனல்தான் பாத்துக்க."

ஜெயலீலா ரிமோட்டை எடுத்து ஆட்டத்தை நிறுத்தினார். பந்தின் பின்னால் ஒருவன் கையை இடுப்பில் வைத்து நிற்க, திரை அப்படியே நின்றது. மூலையில் ஒன்றுக்கு ஒன்று.

"ஏய், என்னட்டி, இப்பம் போய் நிறுத்திட்ட!"

"டீ கெடக்குல்லா. குடிச்சிட்டுப் பாப்போம். பசங்க எங்கயும் போயிர மாட்டானுவ."

சாந்தகுமார் ஒரு விநாடி யோசித்தார், சிரித்தார், சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பைனலுக்கு ஜோவானாவையும் வரச்சொல்லலாமா, அன்றைக்குப் பிரியாணி போடலாமா, ஜோபின் குடும்பத்தையும் கூப்பிடலாமா என்று ஒவ்வொன்றாகத் திட்டம் போட ஆரம்பித்தார். ஜெயலீலா ஒவ்வொன்றுக்கும் "ம், கூப்பிடலாம்" என்றார். ரிமோட்டை மடிக்குள் வைத்துக்கொண்டு, எப்போதோ ஆறிப்போயிருந்த கணவரின் டீயை எடுத்து, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு, நிதானமாக, உயர்த்தி உயர்த்தி ஆற்றத் தொடங்கினார்.