மாப்ளைக்கு நான் பார்த்த வைத்தியம்

எங்கள் ஆனையூர் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருந்தது. மூன்று வயது. வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் கட்டிலில் கால் நீட்டிப் படுக்கும். அதனால் அதை ‘மாப்ள’ என்று கூப்பிட்டேன். மகளைக் கட்டியவர் வந்திருந்தால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவேன்.

போன கோடையில் ஒரு நாள் காலை, மாப்ள மணல் தட்டில் போய் உட்காருவதும் எழுந்து வருவதுமாக இருந்தது. எனக்குச் சர்க்கரை. நானும் பாத்ரூமுக்கு நடந்துகொண்டுதான் இருந்தேன்.

“என்ன மாப்ள, எனக்குப் போட்டியா? நான் ஆறு தடவ போயிட்டேன். நீ எம்புட்டு?”

மருமகள் தட்டைக் குனிந்து பார்த்தாள். “அத்தை, மண்ணு காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு வரல. டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போவமா?”

“நீர்க்கடுப்புடி. இந்த வெயிலுக்கு மனுசனுக்கே வருது. இதுக்குப் போயி டாக்டரா? நீ ஆபீசுக்குக் கெளம்பு, நான் பாத்துக்கிறேன்.”

என் பிள்ளைகளுக்குச் செய்ததையே அதற்கும் செய்தேன். தொப்புளிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய். பூனைக்குப் பெருவிரல் எதுவென்று தெரியவில்லை. நாலு காலிலும் தடவினேன். தொப்புளும் அகப்படவில்லை, வயிறு முழுக்கத் தேய்த்தேன். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. சூடு கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். பேரன் பால் குடித்த பாலாடையைத் தேடி எடுத்து, இளநீரைப் புகட்டினேன். கத்தியது. கையைக் கீறியது. நான் விடவில்லை. சாயங்காலத்துக்குள் அரை இளநீர் உள்ளே போயிருக்கும்.

மறுநாள் காலையில் கத்தலை நிறுத்தியிருந்தது. அசையாமல் படுத்திருந்தது.

“பாத்தியாடி, எண்ணெய் கேட்ருச்சு. எப்பிடித் தூங்குறான் பாரு! இனிமே உனக்கும் நான்தான் டாக்டர்.”

மருமகள் அடுப்படியிலிருந்து வந்து தொட்டுப் பார்த்தாள். காது சில்லிட்டிருந்தது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “ஆம்பளப் பூனைக்கு ஒண்ணுக்குப் போற குழா ரொம்பச் சின்னதும்மா. பொடிக்கல்லு அடைச்சிருக்கு. வெளிய போக வழியில்லாம அம்புட்டும் உள்ள தேங்கி, ரத்தத்துல விசம் ஏறிருச்சு. நேத்தே கொண்டு வந்திருந்தா காப்பாத்திருக்கலாம். தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?”

நான் முந்தானை நுனியை மடித்துக்கொண்டு நின்றேன்.

“கொஞ்சம் குடுத்தோம் சார்,” என்றாள் மருமகள். அவள் முந்தின நாள் முழுக்க ஆபீசில் இருந்தாள்.

ஊசி போட்டார்கள். மெல்லிய குழாயை விட்டு அடைப்பை எடுத்தார்கள். ஆனாலும் மத்தியானத்துக்கு முன், மாப்ள என் மடியில் ஒரு தடவை காலை உதறிவிட்டு அடங்கிப்போனது. பாதத்தில் விளக்கெண்ணெய் வாடை அப்படியே இருந்தது.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டாள். “எங்க பெரியம்மா, உங்க மாப்ளயக் காணோம்? மாமியா வீடு சலிச்சுப் போச்சாக்கும்?”

மருமகள் முந்திக்கொண்டாள். “வயசாயிருச்சுக்கா. தூக்கத்துலயே போயிருச்சு.”

மூன்று வயதுப் பூனைக்கு வயசாகிவிட்டதாம். மற்ற நாளாக இருந்தால் அந்தப் பொய்யை வைத்தே தெரு சிரிக்கும்படி அவளை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

“ஆமாத்தா,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.