சிச்சாகிட்ட சொல்லு

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராதது ஒன்று உண்டு. ஒருவர் நேரே பேசியதை இன்னொருவர் எடுத்துச் சொல்வதாக இங்கிலீஷில் மாற்றி எழுதும் பாடம். ‘நான்’ வந்தால் ‘அவன்’ ஆக்கு, ‘நாளை’ வந்தால் ‘மறுநாள்’ ஆக்கு, அர்த்தத்தில் மட்டும் கை வைக்காதே என்பார் வாத்தியார். நான் அர்த்தத்தில்தான் முதலில் கை வைப்பேன். அவர் என் முதுகில் வைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், பள்ளி விட்டு வந்தாலும் எனக்கு அதே வேலைதான், தமிழில். என்னைப் பெற்ற அத்தாவும் அவர் தம்பியான சிச்சாவும் கூட்டாகத் தோல் பதனிடும் மண்டி வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் சுண்ணாம்புக் குழியில் கிடந்த ஆட்டுத்தோல் மொத்தமும் அழுகிப்போக, அது யாருடைய கவனக்குறைவு என்பதில் இருவருக்கும் பேச்சு நின்றது. பேச்சு நின்றால் வேலை நிற்குமா? மண்டியின் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பாயில் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசுவார்கள்.

“டேய், ஆவாரம்பட்டை வண்டி நாளைக்கு வருதுன்னு உங்க சிச்சாகிட்ட சொல்லு.”

நான் திரும்பி, “சிச்சா, வண்டி நாளைக்கு வருதாம்” என்பேன். நான் முடிக்கும்வரை சிச்சா ஒன்றும் காதில் விழாதவர் போலவே இருப்பார்.

அந்த வண்டிச் சேதியைச் சொன்ன அன்று மட்டும் அவர் அப்படி இருக்கவில்லை. விருட்டென்று எழுந்தார்.

“உங்கத்தாகிட்ட சொல்லு. ரொம்ப பேஜாராப் போச்சு. நாளைக்கே குழியப் பிரிச்சுக்கலாம். நடுவுல சுவரு எழுப்பிடலாம். அவரு மூஞ்சில முழிக்கவே எனக்கு இஷ்டமில்ல.”

தோல் சீவிக்கொண்டிருந்தவர்களின் கத்திகள் நின்றன. சுவர் எழும்பினால் சிச்சா வீட்டுச் சின்னம்மாவின் வெள்ளிக்கிழமை பிரியாணி அந்தப் பக்கம் போய்விடும். அதுகூடப் போகட்டும், பாலாற்று மணலில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடச் சிச்சாவை விட்டால் எனக்கு யார்? ஒன்றுக்கு முட்டியது. அத்தா முன் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒப்பித்தேன்:

“நாளைக்குக் குழிய சேந்து பாத்துக்கலாமாம். நடுவுல சுவரு இடிஞ்சு கெடக்குதாம், எழுப்பணுமாம். உங்க மூஞ்சி வாடிக் கெடக்குதாம், பாக்க சிச்சாவுக்கு மனசு கேக்கலியாம்.”

அத்தா தாடியைத் தடவிக்கொண்டார். வாசல்வரை போன சிச்சாவும் நகரவில்லை.

“அப்டியா சொன்னான்?” என்றார் அத்தா. “சாப்ட்டானான்னு கேளு.”

கேட்டேன்.

“இன்னும் இல்லன்னு சொல்லு.” சிச்சாவின் குரல் ஏனோ கரகரத்தது. “வண்டி எப்போ வருதுன்னும் கேளு.”

“விடிகாலையிலன்னு சொல்லு. ரெண்டு பேருமாப் போயி எடை பாக்கணும்.”

இன்றைக்கு நினைத்தால் இருவருக்கும் எழுந்து நின்று சலாம் வைக்கத் தோன்றுகிறது. அன்றைக்கோ, இருவரையும் ஏய்த்துவிட்ட பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சிச்சா போட்ட சத்தம் விழாதபடி அத்தாவின் காதைக் கொஞ்சம் மந்தமாகப் படைத்ததற்காக அல்லாவுக்கு நன்றியும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் விடிகாலையில் அந்த அத்தாதான் என்னை உலுக்கி எழுப்பினார்.

“எழுந்திர்றா, தெருக்கோடியில மாட்டுச் சலங்கை கேக்குது பாரு.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சிச்சா பின்னால் போனார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.