இரண்டு சர்வர்களும் ஒரு டோக்கன் பிரிண்டரும்

கடலூர், சிதம்பரம் என்று இரண்டு ஊரிலும் கிளை உள்ள ஒரு கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. எனக்குப் பிடித்த வேலை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஆபீஸில் உட்கார்ந்தபடியே சிதம்பரத்து மிஷினைச் சரிசெய்துவிட்டால் அன்றைக்கு ராஜா நான்தான். தப்பு என்று ஒன்று நடந்தால் அதை வேறு யாராவதுதான் செய்திருக்க வேண்டும் என்று அப்போது நம்பினேன்.

சிதம்பரத்தில் டோக்கன் பிரிண்டர் அடிக்கடி நின்றுபோனது. ரிசப்ஷனில் இருந்த பெண் செட்டிங்கை நோண்டுகிறார் என்று நானே முடிவுகட்டி, அவரை மாற்றுவது நல்லது என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். கடலூருக்கு மாற்றல் தயாரானது. அவருக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. வீடு பக்கத்துத் தெரு என்பதால் மதியம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார். கடலூர் என்றால் அது நடக்காது. தெரிந்தேதான் எழுதினேன்.

அடுத்த முறை பிரிண்டர் நின்றபோது பஸ் பிடித்து நேரிலேயே போய் அவரிடம் எகிறினேன்.

"நான் எதையும் தொடல சார். காலையில ஆன் பண்ணா ஒரு பேப்பர் வருதுல்ல, அத எடுத்து வெச்சிருக்கேன். வேலை செய்யாத நாள்லல்லாம் நம்பர் வேறயா இருக்கு, பாருங்க."

பேப்பரில் அச்சாகியிருந்த முகவரி எண்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மிஷின் ஆன் ஆனதும் சர்வரிடம் தனக்கொரு முகவரி எண் கேட்கும். பிரிண்டருக்கு எப்போதும் ஒரே எண் கிடைத்தால்தான் கம்ப்யூட்டர்கள் அதைக் கண்டுபிடிக்கும். அதற்காக அந்த எண்ணை ஒதுக்கி சர்வரில் எழுதிவைப்போம். எங்களுக்கு எண் கொடுக்கும் சர்வர் இரண்டு: சிதம்பரத்தில் ஒன்று, அது படுத்துவிட்டால் உதவக் கடலூரில் ஒன்று. எது முந்திக்கொள்கிறதோ, அது கொடுப்பதுதான் எண். நான் சிதம்பரத்தில் மட்டும் எழுதிவிட்டுக் கடலூரில் மறந்திருந்தேன். அதுவும் என் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிற சர்வர்.

சிதம்பரத்தில் உட்கார்ந்தபடியே கடலூர் சர்வரிலும் எழுதினேன். பிரிண்டரை நாலைந்து தடவை அணைத்துப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அதே எண். வெட்கமாக இருந்தது, கூடவே ஒரு சந்தோஷமும். மேனேஜருக்குப் போன் போட்டு, "தப்பு என்னுது சார், அவுங்கள மாத்த வேணாம்" என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்.

"மெயில்லயும் எழுதிடுங்க சார்," என்றார் அந்தப் பெண். "அன்னிக்கி மெயில்லதான எழுதினீங்க."

எழுதினேன். பின்னால் நின்று முழுதும் படித்தார். 'கவனக்குறைவால் நேர்ந்தது' என்ற இடத்தில் விரல் வைத்து, "யாரோடதுன்னு போடலியே சார்" என்றார்.

'என்' என்று முன்னால் சேர்த்தேன். மெயில் போனதைப் பார்த்த பிறகுதான் அவர் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கிளம்பினார்.