லைனிங் வேண்டாத ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் துணி தப்பு செய்யாது, உடம்பு தப்பு செய்யாது. எல்லாத் தப்பும் தையற்காரி செய்ததுதான். சின்ன காஞ்சிபுரத்தில் மெஷின் போட்டிருக்கிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்கள் என்னிடம் கொண்டு வருகிற வழக்கே தனி. எனக்கும் நின்றாகிவிட்டது. அதனால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

அளவு ஜாக்கெட்

எங்கள் ஊரில் லேசில் யாரும் டேப்புக்கு நிற்க மாட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஐயம்பேட்டை டீச்சரம்மா கொடுத்தது அவர் மகள் பிறப்பதற்கு முன்னால் தைத்தது. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். நானும் அளவு பிசகாமல் தைத்துக் கொடுத்தேன். ஒரு கொக்கியும் மாட்டவில்லை. சண்டைக்கு வந்தவர், கண்ணாடியைப் பார்த்ததும் அடங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. டேப்பை எடுத்தேன்.

"நின்னு போனதுல இருந்து இந்த உடம்புல வேற யாரோ குடியிருக்காங்கமா. அவங்களுக்கே அளவெடு."

பின்கொக்கி

கோயில் வாசலில் பூக்கட்டும் கஸ்தூரிக்கு, அவர் மருமகள் ஆசையாகப் பின்கொக்கி ஜாக்கெட் சொல்லியிருந்தாள். கஸ்தூரிக்குத் தோள்பட்டை இறுகிப் போய் மாசக்கணக்காகிறது. இந்த வயதில் நம்மில் பலருக்கு வருவதுதான். கை முதுகுப் பக்கம் போகவே இல்லை. வலியில் கண் கலங்கியது. மருமகளிடம் சொல்லவோ வெட்கம்.

"முன்னாடி கொக்கி வச்சிடுமா. எம் மருமக கேட்டா, பின்னாடி வைக்கிற கொக்கி தீந்துபோச்சுன்னு சொல்லிடு."

லைனிங்

சுலோச்சனாவும் அவள் கணவர் ஏகாம்பரமும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். அவர் உடல் பகுதியை நெய்வார், இவள் பக்கத்தில் இருந்து கரைக்கு இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவாள். திடீரென்று இவளுக்கு மார்பிலிருந்து முகம் வரை அனல் ஏறி வியர்த்துக் கொட்டும். ஃபேன் போட முடியாது. காற்றில் தறியில் நீளமாகக் கட்டிய பாவு உலர்ந்து இழை அறும் என்று ஏகாம்பரம் தறிப் பக்கம் ஃபேனை விடுவதே இல்லை. இவள் எழுந்து குழாயடிக்குப் போனால் தறி நிற்கும். வேலைக்கள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்.

மகள் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க வந்தவள், லைனிங்கே வேண்டாம் என்றாள். மெல்லிய மல் துணியில் போடுகிறேன், டாக்டரையும் ஒருமுறை பார் என்றேன். அவள் கவலை வேறாக இருந்தது.

"ஓமப் புகையில அது வந்துட்டா, சபையில எந்திரிச்சி ஓடுவனே. பொண்ணோட பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்க்கட்டும்கா. நான் பின்னாடி நின்னுக்கினு பாத்துக்கறேன்."

தாரை வார்த்தபோது

ஜாக்கெட் வாங்க ஏகாம்பரம் வந்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு உடம்பில் அனல் ஏறும், அது கள்ளத்தனம் இல்லை, எனக்கும் ஏறுகிறது, பெற்ற மகளைத் தாரை வார்க்கவே அவள் பயப்படுகிறாள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கூலியை மெஷின் மேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாடிக்கை போனது என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்குப் போனால் மணவறையில் சுலோச்சனாதான் உட்கார்ந்திருந்தாள். தாரை வார்க்கிற நேரம் அவள் கழுத்து சிவந்தது, நெற்றி வியர்த்தது. எழப் போனாள். ஏகாம்பரம் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மண்டபத்தின் ஸ்டாண்டு ஃபேனைத் தன் கையாலேயே அவள் பக்கம் திருப்பினார். ஓமம் அணைந்துவிடும் என்று ஐயர் பதறினார்.

"அணைஞ்சா திரும்ப மூட்டிக்கலாம் ஐயரே. இவ எந்திரிச்சிப் போயிட்டா, எம் பொண்ணைத் தாரை வார்க்க நான் யாரைத் தேடுவேன்?"

தறிப் பக்கம் இன்னும் ஃபேன் வரவில்லை, ஆனால் இவள் எழுந்தால் அவரும் எழுந்து டீ போடப் போகிறாராம். ஒரே கல்யாணத்தில் இதற்கு மேல் எதிர்பார்த்தால் அது நம் பேராசை.