மேல்வானம் எவ்வளவு குளிர்ந்தது?

முசரவாக்கத்து கிரேஸ் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படித்துவந்தாள். மேகங்களுக்கும் மேலே, ஓசோன் இருக்கும் அடுக்கு இத்தனை வருஷத்தில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் அளவுகளை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"கீழ வெயில் கொளுத்துது. மேல மட்டும் குளிர்ந்துக்கினு இருக்குதுன்றியே, எப்படிமா?" என்பான் கணவன் கமல். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

"வண்டிப் புகையில வர்ற கார்பன் டை ஆக்சைடு, கீழ சூட்டைப் பிடிச்சு வெக்குது. மேல அதுவே சூட்டை வெளிய தள்ளிடுதுபா."

கமல் தலையாட்டுவான். புரிந்ததா என்று அவள் கேட்டதில்லை.

எந்தச் செயற்கைக்கோளும் நெடுங்காலம் உழைப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. எல்லாவற்றின் அளவுகளையும் ஒட்டவைத்து அவள் வரைந்த கோடு, மற்றவர்கள் சொன்னதைவிட வேகமாகச் சரிந்தது. வழிகாட்டி மங்கையர்க்கரசிக்கு ஒரே சந்தோஷம். சென்னைக் கருத்தரங்கில் பேச இடமும் கிடைத்தது.

கிளம்ப இரண்டொரு நாள் இருக்கும்போதுதான் உறைத்தது. பெரிய சரிவு முழுக்க ஒரே ஒரு பழைய செயற்கைக்கோளின் காலத்தில் இருந்தது. தேடிப் பார்த்தாள். ஆரம்பத்தில் மதியம் தலைக்கு மேல் கடந்துபோன அது, வருஷத்துக்கு வருஷம் பிந்தி, கடைசியில் சாயங்காலம்தான் வந்திருக்கிறது. மதியச் சூட்டையும் சாயங்காலச் சூட்டையும் ஒப்பிட்டுவிட்டு வானம் குளிர்ந்தது என்று சொல்லியிருக்கிறாள்!

நேர வித்தியாசத்தைக் கழித்தாள். சரிவு பாதியானது. இன்னொரு முறையில் கழித்தாள். பழைய சரிவில் முக்கால்வாசி மிஞ்சியது. இரண்டு முறையிலும் தப்பு தெரியவில்லை.

"ரெண்டுலயும் குளிர்ச்சிதானே வருது? பழைய படத்தையே காட்டிடும்மா" என்றார் மங்கையர்க்கரசி போனில்.

அவர் சொல்வதும் சரிதானோ? பஸ்ஸில் போகும்போதுகூட அவளுக்கு முடிவாகவில்லை. மேடையேறியதும் கை தானாகவே புதுக் கோடுகள் இரண்டையும் திரையில் போட்டது.

"இதுல எது உண்மை?" என்று ஒருவர் கேட்டார்.

"குளிருதுங்கறது நிச்சயம் சார். எவ்வளவு வேகம்னு எனக்குத் தெரியல."

கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மங்கையர்க்கரசி முகம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்தத் திரும்ப எழுதணும். ஒரு வருஷம் போயிடும்" என்றார். கோபமா, சம்மதமா, குரலில் பிடிபடவில்லை.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் கமல் காத்திருந்தான்.

"நல்லபடியா ஆச்சா?"

"தெரியலபா" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் பசித்தது. இருவரும் இட்லி சாப்பிடப் போனார்கள்.