மஞ்சள் கறை படிந்த அட்டை

புதுச் சொல்லட்டைகளை எழுதி முடித்தபோது மதுவந்திக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பழையவை மூலை மடங்கி, அழுக்கேறிக் கிடந்தன. தன்னிடம் படிக்கும் சின்னப்பெண் அக்ஷரா தமிழ் படிப்பதை அந்தப் பிள்ளையின் அப்பா இன்று போனில் படம் பிடிக்கப்போகிறார். அட்டை பளிச்சென்று இருக்க வேண்டாமா?

ஜாதவ்பூரில் ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் அந்த வகுப்பு நடக்கும். வீட்டில் தமிழும் தெருவில் பெங்காலியும் பேசி, எழுத்தென்றால் ஆங்கிலம் மட்டும் அறிந்த சின்னப் பிள்ளைகள் வருவார்கள். அக்காவெல்லாம் 'திதி'யாகிவிடும் ஊர் என்பதால் அவள் அவர்களுக்கு 'மதுதி'. அவள் அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் மதுவந்தி. தனக்கு எப்படிப் படிக்க வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளும் இல்லை. அதனால் யூடியூபில் பார்த்தபடி செய்தாள். அட்டையைக் காட்டிச் சொல்லைச் சொல்வாள், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அக்ஷரா மட்டும் அட்டை முழுதாகத் திரும்புவதற்குள் கத்திவிடுவாள்.

"பிரமாதமா படிக்கிறா சார்" என்று அவள் அப்பா வெங்கட்ராமனிடம் மதுவந்தியே சொல்லியிருந்தாள். மத்திய அரசு அதிகாரியான அவருக்கு அலிப்பூர் அலுவலகத்திலிருந்து சென்னைக்கு மாற்றல். பிள்ளை தமிழ் படிக்கும் வீடியோவை அனுப்பினால் நேராக இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக அங்கே ஒரு பள்ளி சொல்லியிருந்தது.

மற்ற பிள்ளைகள் போனபின், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று 'பழம்' என்ற புது அட்டையை நீட்டினாள். அக்ஷரா அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா, தெரிஞ்சதுதானே?"

"இது வேற, மதுதி."

"அதே வார்த்தைதாம்மா."

"நா. இதுல ஹொலுத் இல்லியே."

நா என்றால் இல்லை, ஹொலுத் என்றால் மஞ்சள். மதுவந்தி பையிலிருந்து பழைய அட்டைக்கட்டை எடுத்தாள். சரஸ்வதி பூஜையன்று பிரசாதக் கிச்சுரிச் சோறு தின்ற கையோடு யாரோ தொட்டதில், பழைய 'பழம்' அட்டையின் ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது.

"பழம்!" என்றாள் அக்ஷரா.

மதுவந்தி கறையைக் கட்டைவிரலால் மூடினாள். அக்ஷரா அந்த விரலையே பார்த்தாள். "கைய எடு."

மதுவந்தி 'மரம்' அட்டையின் கிழிந்த மூலையை மூடினாள். அக்ஷரா விரலுக்கடியில் எட்டிப் பார்த்தாள். 'வீடு' அட்டையின் மைப்பொட்டை மூடினாள். அதற்கும் விரலைத்தான் பார்த்தாள். பிள்ளைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

வீடியோவைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு ஒருநாள் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, கறையே இல்லாத புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இது நிற்கும். உண்மையைச் சொன்னாலோ, 'உன்னை யாரம்மா சொல்லிக்கொடுக்கச் சொன்னது?' என்று கேட்பார்கள். முதல் வகுப்பிலிருந்தே அவள் தன்னைத்தானே கேட்டுவந்த கேள்வி அது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்ஷரா பழைய அட்டைக்கட்டை மதுவந்தி பக்கம் தள்ளினாள்.

"பழசையே காட்டு மதுதி. நான் எல்லாம் கரெக்டா சொல்வேன். அப்பா கோச்சுக்க மாட்டா."

அப்படியானால் இந்தக் குழந்தையும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் கத்தியிருக்கிறது.

"என்ன மேடம், ஸ்டார் ரெடியா?" வெங்கட்ராமன் போனை உயர்த்தியபடியே நுழைந்தார். "சட்டுனு எடுத்துடலாம். வண்டியத் தப்பான எடத்துல விட்டிருக்கேன், டிராஃபிக் சார்ஜெண்ட் பார்த்தான்னா தொலைஞ்சேன்."

மதுவந்தியின் கை பழைய கட்டின்மேல் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும், எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

"வேணாம் சார். பாப்பாவுக்குப் படிக்க வரலை. அட்டையில இருக்கிற கறையத்தான் படிச்சிருக்கா."

"பிரமாதம்னு நீங்கதானே சொன்னேள்?"

அவள் கறையை மூடிக் காட்டினாள். அவர் நம்பவில்லை. அட்டையை வாங்கித் தானே மூடினார். "அக்ஷு, சொல்லு கண்ணா." அக்ஷரா அப்பாவின் விரலை விலக்கப் பார்த்தாள். அவர் மெல்ல விரலை எடுத்தார்.

"இத்தனை மாசம் என்னதான் பண்ணிண்டிருந்தேள்?"

"தெரியலை சார். காட்டிட்டே இருந்தேன்."

போன் சட்டைப் பைக்குள் போயிற்று. "ஒண்ணாங்கிளாஸுன்னே எழுதிப் போட்டுடறேன்" என்றவர், வாசல்வரை போய் நின்றார். "வண்டிய ஒழுங்கா விட்டுட்டு வரேன். நீங்க ஆரம்பிங்கோ."

அந்த வார்த்தை அவளை இன்னும் பயமுறுத்தியது. எங்கே ஆரம்பிப்பது? புது 'படம்' அட்டையை எடுத்துக் கத்தரித்து எழுத்தெழுத்தாகப் பிரித்தாள். "இது ப. இது ட. இது ம்." அக்ஷரா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். துண்டுகளைக் கலைத்து மறுபடி வரிசையாக வைத்தாள் மதுவந்தி.

அக்ஷரா விரலை வைத்தாள். "ப." விரல் நகர்ந்தது. ஓரத்தில் கறை தேடியது, கிடைக்கவில்லை. நிமிர்ந்து மதுவந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

தலையசைத்தால் போச்சு, அதையும் இன்னொரு மஞ்சளாகப் பிடித்துக்கொள்வாள். மதுவந்தி குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ட?" என்றது அக்ஷராவின் குரல்.

மதுவந்தி அப்போதும் நிமிரவில்லை.