ஒரே ஒரு வசனம்

இன்று காலை மல்லேஸ்வரம் காபிக் கடையில் தூக்கம் கலையாமல் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கன்னடத்தில், “சக்கரே கம்மி ஹாக்கி” என்று சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னது.

திரும்பாமலே தெரிந்துவிட்டது. நான் பள்ளியில் படித்தபோது தினமும் மாலை டிவியில் நேயர்களோடு பேசிப் பாட்டுப் போட்ட தொகுப்பாளினி. இப்போது சினிமா நடிகை.

“மேடம், உங்க படம் பார்த்தேன். ஆனா குரல்தான்...”

“அது நான் இல்லப்பா. டப்பிங்ல வேற பொண்ணு பேசிட்டாங்க.”

அவர் சிரித்தபோது, மறுபடி பள்ளிச் சீருடையோடு எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கடைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

“அடுத்த படத்துல?”

“நானே பேசியிருக்கேன். ஒரே ஒரு வசனம்தான். சண்டை போட்டு வாங்கினேன்!”

அந்த ஒரு வசனத்துக்காக முதல் நாளே போகிறேன். கூட யாரெல்லாம் வருகிறீர்கள்? கொஞ்சம் தாமதமாக வந்தாலும் படம் முடிந்துவிடாது, வசனம் முடிந்துவிடும்.